கார்க் அடைக்கத் தெரிந்த பையன்

பாலக்கோட்டு ஐயாவுக்கு வணக்கம்.

பையன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரோபிளேட்டர், அதாவது உலோகத்துக்கு முலாம் பூசும் பிரிவுதான் வேண்டும் என்கிறான், எந்நேரமும் போனில் துப்பாக்கிக் குழலுக்குக் கறுப்பேற்றும் வீடியோ பார்க்கிறான் என்று பயந்து எழுதியிருந்தீர்கள். பயம் நியாயம்தான். நம்ம மலைப்பக்கம் நாட்டுத் துப்பாக்கி வழக்குக்குக் கோர்ட் படி ஏறுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்ய மட்டுமல்ல, பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். வீட்டுக் கொல்லையில் அந்த வேலையே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் அவனோடு பேசிப் பார்த்தேன். அவன் கண் துப்பாக்கி மேல் இல்லை, பூச்சு ஏற்றும்போது குழலின் வாயை அடைக்கிற ரப்பர் கார்க் மேல்தான். குழலுக்குப் பூச்சு ஏற்றும் பாஸ்பேட் கரைசல் தொட்டி 90 டிகிரிக்குப் பக்கத்தில் சுடும். குழலை அப்படியே முக்கினால் பூச்சு உள்ளேயும் ஏறி, குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளம் சொரசொரத்துப் போகும். அதற்காக இரண்டு முனையிலும் கார்க். உள்ளே மாட்டிய காற்று சூட்டில் விரிந்து கார்க்கைத் தள்ளும்; லூசாக அடைத்திருந்தால் தொட்டிக் கரைசல் உள்ளே இறங்கிவிடும். “கறுப்பேற்றும் காஸ்டிக் சோடாத் தொட்டியிலும் இதே மாதிரி அடைக்கலாமா?” என்று மடக்கினேன். “வேண்டாம் சார், அது 140 டிகிரி. கார்க் பிடுங்கிக்கிட்டா மூஞ்சியில தெறிக்கும். திறந்தே முக்கிட்டு உள்ளே நல்லா அலசணும்” என்றான். பத்தாவது முடித்த பையன்!

இந்தப் புத்திக்கு ஓசூரில் வேலை இருக்கிறது. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் ஆலைகளைச் சுற்றி உதிரிபாகப் பட்டறைகள் எத்தனை! பூச்சு ஏறிய மரையில் போல்ட் இறங்காது. அங்கேயும் டேப், கார்க், மெழுகு என்று வைத்து, பூச்சு ஏறக் கூடாத இடத்தை மறைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ராணுவத் தளவாட உற்பத்திக்காக 2019இல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்திலும் ஓசூர் ஒரு முனையம். துப்பாக்கியே வேண்டுமென்றால் திருச்சியில் அரசுத் தொழிற்சாலை இருக்கிறது; அப்ரென்டிஸ் அறிவிப்பு வரும்போது பார்ப்போம்.

படிப்பு இரண்டு வருடம். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது, விசாரித்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

எனக்கு இருக்கிற கவலை வேறு, குரோம் முலாம் பூசும் தொட்டியின் புகை. வருடக்கணக்கில் சுவாசித்தால் மூக்குத் தண்டிலேயே ஓட்டை விழும். பயிற்சிக்கு அனுப்புமுன் பட்டறைக்குள் நீங்களே போய்ப் பாருங்கள். தொட்டி ஓரத்தில் புகை உறிஞ்சி ஓடுகிறதா, ஆட்கள் கையுறை போட்டிருக்கிறார்களா? உள்ளே விட மறுத்தால் அந்தப் பட்டறை வேண்டாம்.

சனிக்கிழமை காலை மார்க் ஷீட், சாதிச் சான்றிதழோடு அவனை அழைத்து வாருங்கள். அவன் அம்மாவும் வரட்டும்.