சர்க்கரை ஒன்றுதான், குறியீடு ஏன் இத்தனை?

எங்கள் லேபில் ‘சுகர்’ என்பது ஒரே டெஸ்ட். லேப் டெஸ்டுகளுக்கு உலகப் பொதுக் குறியீடு தரும் லாயின்க் (LOINC) பட்டியலில் தேடினால் குவியலாக வருகிறதே?

வரத்தான் செய்யும். எதை அளந்தோம், எந்த வகை அளவு, ஒரே நேரத்தில் எடுத்ததா 24 மணி நேரச் சேகரிப்பா, எந்த மாதிரி, விடை எண்ணா சொல்லா, எந்த முறை என்று ஆறு விஷயம் பார்த்துத்தான் லாயின்க் குறியீடு தருகிறார்கள். சாம்பல் மூடிக் குழாயில் எடுத்துப் பிளாஸ்மாவில் பார்த்தால் 2345-7. வெறும் வயிற்றில் என்றால் 1558-6. முழு ரத்தம் என்றால் 2339-0. முதலில் குழாயைப் பாருங்கள், அப்புறம் பட்டியலைத் திறங்கள்.

லாயின்க்கா, மருத்துவச் சொற்களுக்குக் குறியீடு தரும் ஸ்னோமெட்டா (SNOMED CT)? எது போதும்?

இரண்டும் வேண்டும். லாயின்க் கேள்வி, ஸ்னோமெட் விடை. ‘மலேரியாவுக்கு ரத்தப் பூச்சு’ என்பது லாயின்க். அதில் தெரிந்த ‘பிளாஸ்மோடியம் வைவாக்ஸ்’ ஸ்னோமெட். லாயின்க் இலவசம். ஸ்னோமெட் அமைப்பில் 2014 முதல் இந்தியா உறுப்பு நாடு என்பதால் இங்கே அதற்கும் கட்டணமில்லை. ஐசிடி-10 நோய்களுக்கானது, அதை இங்கே இழுக்காதீர்கள்.

லாயின்க் குறியீட்டில் சிறு கோட்டுக்கு (-) பின்னால் வரும் ஒற்றை இலக்கம் எதற்கு?

தட்டச்சுப் பிழையைப் பிடிக்க. 2345-ஐ 2354 என்று அடித்தால் கடைசி இலக்கம் 9 வர வேண்டும், 7 ஒத்துப்போகாது.

குறியீடு சரியாக இருந்தால் அலகு எதற்கு என்கிறார் சாஃப்ட்வேர்காரர்.

அவரிடம் நான் பட்டதைச் சொல்லுங்கள். ஒரு லேபிலிருந்து பிளேட்லெட் 2.1 என்று வந்தது. அவர்கள் கணக்கில் லட்சம். அலகுக் கட்டம் காலி. வாங்கிய கணினி அதை ஆயிரம் என்று எடுத்துக்கொண்டு சிவப்பில் காட்டியது. ராத்திரி பதினொரு மணிக்கு டியூட்டி டாக்டர் ரத்த வங்கிக்குப் போன் போட்டுவிட்டார். நோயாளியோ இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்!

‘லட்சம்’ நமக்குப் புரியும். அலகுகளைக் கணினிக்கு ஒரே மாதிரி எழுதும் UCUM முறையில் அது கிடையாது. 2.1 லட்சத்தை 210 ஆயிரமாக மாற்றி, மைக்ரோலிட்டருக்கு என்று அலகோடு அனுப்புங்கள். குளுக்கோஸிலும் இதே கதைதான்: மில்லிமோலில் 7, மில்லிகிராமில் 126. இரண்டும் ஒரே சர்க்கரை.

பழைய ரிப்போர்ட்டுகளுக்குக் குறியீடு போட்டபின் லேபின் சொந்தப் பெயரை அழித்துவிடலாமா?

கூடாது. நீங்கள் போட்ட குறியீடு தப்பு என்று நாளைக்குத் தெரிந்தால், திருத்த அந்தப் பெயர் ஒன்றுதான் கையில் இருக்கும்.