சத்துணவில் மிதக்கும் அரிசி பற்றி

வணக்கம் அம்மா. குடியாத்தம் பக்கத்துப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளின் சத்துணவுக்குக் களையும் அரிசியில் சில மணிகள் மிதப்பதைக் கண்டு, பிளாஸ்டிக் அரிசியோ என்று அஞ்சி, அங்கே சாப்பிடுவதையே நிறுத்தப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

அவை செறிவூட்டிய அரிசி மணிகள். அரிசி மாவுடன் இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்து, அரிசி வடிவில் அச்சில் பிழிந்து, சாதாரண அரிசியில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்காகக் கலக்கிறார்கள். ஊறிய மணி ஒன்றை விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள், மாவாகவே குழையும். எங்கள் ஊர்ச் சமையல்கூடத்தில் ஓர் அம்மா இவற்றைக் கல்லென்று எண்ணி முறத்தில் பொறுக்கி எறிந்ததைப் பார்த்து மனம் வருந்தினேன். சேர்த்த சத்து முழுவதும் அந்த மணிகளில்தானே இருக்கிறது! பலமுறை களைந்து கொட்டினாலும் அவை தண்ணீரோடு போய்விடும். குழந்தைக்குத் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்துணவுச் சாம்பார் நீர்த்திருப்பதாகவும் நீங்கள் எழுதியிருந்தது நியாயமான குறை. தேசிய விதிப்படி தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் பருப்பும் 50 கிராம் காய்கறியும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அன்றைய வருகை எண்ணிக்கையையும் பருப்பு எடுத்த அளவையும் சேர்த்துக் காட்டுமாறு கேளுங்கள். சரியாகாவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள்.