பழைய கடைத்தெருவில் ஆர்கேட் என்றால் என்ன? அது எதற்கு?

மாடி தெருப்பக்கம் நீண்டிருக்கும். அதைத் தூண்களும் வளைவுகளும் தாங்கும். அடியில் கடைகளை ஒட்டி ஓடும் நடைபாதைதான் ஆர்கேட். நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து இஸ்தோப்பு (முன் தாழ்வாரம்) மாதிரிதான்: பல வாசல், ஒரே கூரை. என்ன, இதற்கு மேலே மாடியும் உண்டு.

காரணம் மழையும் வெயிலும். இரண்டு பருவமழையும் நனைக்கும் கண்டி போன்ற ஊரில், குடை விரிக்காமல் கடை கடையாக ஏறி இறங்க இது எவ்வளவு வசதி!

மலையகத்திலிருந்து கொழும்பு போனால், கோட்டையில் 1906இல் கட்டிய சிவப்புக் கார்கில்ஸ் கட்டடத்தின் யோர்க் வீதிப் பக்கம் கொஞ்சம் நில்லுங்கள். எல்லோரும் வளைவைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் தூணைப் பார்க்கச் சொல்வேன். வளைவு மேல்பாரத்தை இரு பக்கமும் பிரித்து இறக்குவது அதன் தலையில்தான். அதுதான் அந்தத் தடிப்பு.

வீடியோ கேம் கடையையும் ஆர்கேட் என்கிறார்களே என்று குழம்ப வேண்டாம். அந்தப் பெயரே இந்த மாதிரிக் கடை வரிசைகளிலிருந்து போனதுதான்.