ஸ்டாக் காரில் முதல் சுற்று: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் ஓவல் தடங்களில் பொதுமக்களே ஸ்டாக் கார் ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார்லட் தடத்தில் எட்டு நிமிடம் ஸ்டாக் கார் ஓட்ட என் கணவருக்குப் பிறந்தநாள் பரிசாகப் பதிவு செய்திருக்கிறேன். அவர் கிளட்ச் உள்ள வண்டியைத் தொட்டே பல வருடம் ஆகிறது. சமாளிப்பாரா?
— நியூஜெர்சி வாசகி

சமாளிப்பார். ஆனால் போவதற்கு முன் யாரிடமாவது மேனுவல் கார் வாங்கி, காலி மைதானத்தில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்கட்டும். முதன்முறை வருகிறவர்கள் அதிகம் திணறுவது வளைவில் இல்லை, பிட் ரோட்டிலிருந்து (தடத்தை ஒட்டி வண்டிகள் நிற்கும் பாதை) வண்டியைக் கிளப்பும்போதுதான்.

காரணம் கிளட்ச். பந்தயக் காரில் இருப்பது சிறிய விட்டமுள்ள பல தட்டு கிளட்ச். சாலைக் காரில் பெடலை மெல்ல விடும்போது பாதி பிடித்தும் பிடிக்காமலும் ஓர் இடம் கிடைக்கும் அல்லவா, இதில் அந்த இடம் மிகக் குறுகலானது. எஞ்சின் சுழற்சியைச் சீராக வைக்கும் ஃப்ளைவீல் சக்கரமும் லேசானது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியே எஞ்சின் சுழற்சி சரிந்துவிடும். போதாததற்கு முதல் கியர் நீளமானது, அதாவது அதிக வேகத்துக்கு ஏற்றபடி அமைந்தது. மூன்றும் சேர்ந்தால் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, எஞ்சின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள் சுமார் 2,000ல் ஆடாமல் நிற்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு கிளட்ச்சை நிதானமாக விட வேண்டும். வண்டி நகரத் தொடங்கியதும் பதறி வலது காலை எடுத்துவிடக் கூடாது. அங்கேதான் பெரும்பாலோர் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். நின்றுவிட்டாலும் பாதகமில்லை. கிளட்ச்சை மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட்டரைத் தட்டினால் போதும்.

பல இடங்களில் இன்னும் ஓடுவது நான்கு கியர் கொண்ட பழைய தலைமுறைக் கார்கள். கியர் அமைப்பு எச் வடிவம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது லீவரைக் கையால் இறுக்கிப் பிடித்து இழுத்தால் தவறான வழியில் நுழையும். உள்ளங்கையால் முன்னோக்கித் தள்ளுங்கள், தானே நடுவுக்கு வந்து மூன்றில் விழும். வளைவின் சரிவில் ஏறுவதற்கு முன்பே நான்காவது கியருக்கு வந்துவிட வேண்டும். அதன் பிறகு பிட் ரோட்டுக்குத் திரும்பும் வரை கியர் லீவரைத் தொடும் வேலையே கிடையாது.

ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் விற்கும் கார்தானா?
— டாலஸ் வாசகர்

ஆரம்பத்தில் அப்படித்தான். 1948ல் பில் ஃபிரான்ஸ் தலைமையில், ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு தொடங்கியது. 1949ல் சார்லட்டில் நடந்த முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயத்தில் கடையில் வாங்கிய கார்களே ஓடின. இன்று பெயர் மட்டும்தான் மிச்சம். இரும்புக் குழாய்களால் ஆன கூடு, முன்னால் 358 கன அங்குல (சுமார் 5.9 லிட்டர்) வி8 எஞ்சின், பின்சக்கர இழுவை. முகப்பு விளக்கு என்று தெரிவது ஸ்டிக்கர். 2022ல் வந்த புதிய தலைமுறைப் போட்டிக் காரில் ஐந்து கியர்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் மாற்றும் கியர் பெட்டியும், சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டும் வந்துவிட்டன. பழைய காரில் சக்கரத்துக்கு ஐந்து நட்டு.

கதவு இல்லையாமே, எப்படி ஏறுவது? எனக்கு வயது 58, கொஞ்சம் பருமனான உடம்பு.
— சிகாகோ வாசகர்

இடப்பக்க ஜன்னல்தான் வாசல். வலது காலை முதலில் உள்ளே விட்டு, கூரைக் குழாயை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, இருக்கைமேல் உட்கார்ந்தபடி இடது காலை இழுத்துக்கொள்ளுங்கள். தலை கடைசியில் நுழையட்டும். முழங்காலும் தோளும் இதற்கு ஒத்துழைக்குமா என்பதுதான் கேள்வி, வயது தடையில்லை. உயரம், இடுப்பளவு, எடை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிறுவனமும் வரம்பு வைத்திருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் உட்காரும் வரை ஸ்டீயரிங் கழற்றப்பட்டிருக்கும். பிறகு அதை அச்சில் செருகுவார்கள், ‘டிக்’ என்று சத்தம் வரும். சத்தத்தை மட்டும் நம்பாமல் உங்கள் பக்கம் இரண்டு முறை பலமாக இழுத்துப் பாருங்கள். யார் மாட்டினாலும் இந்தச் சோதனை ஓட்டுபவருடையது.

பெடல்கள் எட்ட வேண்டும் என்பதைவிட, கிளட்ச்சை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும் என்பது முக்கியம். எட்டவில்லை என்றால் முதுகுக்குப் பின்னால் பஞ்சு அட்டை வைக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிட்டால் எட்டு நிமிடமும் நுனிக்காலால் ஓட்ட வேண்டியிருக்கும், வலது காலில் நிதானமே வராது.

பெல்ட்டும் கழுத்துப் பட்டையும் மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாமா?
— அட்லாண்டா வாசகர்

கூடாது. இடுப்புப் பட்டை முதலில், வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக இருக்க வேண்டும். அடுத்து தொடைகளுக்கு நடுவில் வருவது. தோள்பட்டைகள் கடைசி. மூச்சை வெளியே விட்ட நிலையில் இறுக்குவார்கள். அதுதான் சரியான இறுக்கம்.

கழுத்துப் பட்டை என்று நீங்கள் சொல்வது ஹான்ஸ். தோள்மேல் உட்காரும் கார்பன் நுகம் அது. தோள் பெல்ட்டுகள் அதன் மேல் வரும், இரு பக்கமும் இருக்கும் வார்கள் ஹெல்மெட்டில் மாட்டப்படும். மோதலில் உடம்பை பெல்ட் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னால் பாய்ந்தால் மண்டையோட்டின் அடிப்பகுதி முறியும். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா தடத்தில் நடந்த பந்தயத்தின் கடைசிச் சுற்றில் நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது இந்த வகைக் காயத்தால்தான். அதே ஆண்டு அக்டோபரில் தலை-கழுத்துக் காப்பை நாஸ்கார் கட்டாயமாக்கியது. பெல்ட்டைத் தளர்த்தினால் நுகம் நழுவும், வைத்தும் பயனில்லை.

நேர்ப்பாதையில் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று என் நண்பர் பயமுறுத்துகிறார். பழுதா?
— டாம்பா வாசகர்

பழுது இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஓவல் தடத்தில் எல்லா வளைவும் இடப்பக்கம்தான். ஆகவே வலப்பக்க டயர்களின் சுற்றளவு இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். இதற்கு ஸ்டேகர் என்று பெயர். பின்அச்சு இரு சக்கரத்தையும் பூட்டிச் சுழற்றும்போது பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடுவதால் வண்டி தானாக இடம் திரும்பப் பார்க்கும். முன்சக்கரங்களின் சாய்வும் அதற்கேற்றபடி இருக்கும். நேர்ப்பாதையில் ஸ்டீயரிங்கைச் சற்றே வலப்பக்கம் பிடித்தபடி போக வேண்டும். கை பழகிவிடும். மறந்து பிடியைத் தளர்த்தினால் வண்டி கீழே இறங்கப் பார்க்கும், அதை மட்டும் மனதில் வையுங்கள்.

வளைவில் சரியாக என்ன செய்ய வேண்டும்? 31 டிகிரி சரிவைப் படத்தில் பார்த்தாலே பயமாக இருக்கிறது.
— ஆர்லாண்டோ வாசகி

டேடோனா பற்றிக் கேட்கிறீர்கள். 1959ல் திறந்த அந்த 2.5 மைல் தடத்தில் வளைவுகள் 31 டிகிரி. டலடேகா 33, சார்லட் 24, இண்டியானாபொலிஸ் சுமார் 9 டிகிரி மட்டுமே. பயத்துக்கு மாறாக, சரிவு அதிகமுள்ள தடம்தான் புதியவருக்குச் சுலபம். டேடோனாவில் வளைவின் ஆரம் சுமார் 1,000 அடி. கணக்குப் போட்டால், மணிக்கு ஏறக்குறைய 95 மைலில் சரிவே வண்டியைத் திருப்பிவிடும். டயர் பக்கவாட்டில் பிடிக்கத் தேவையே இல்லை. அதற்குமேல் கூட்டும் வேகத்துக்கு மட்டும்தான் டயரின் பிடி செலவாகிறது. 150 மைலில் போகும்போது பக்கவாட்டு இழுப்பைவிட இருக்கையில் அழுந்துவதுதான் பெரிதாகத் தெரியும். 70 கிலோ எடையுள்ளவர் 110 கிலோவுக்கு மேல் கனப்பதாக உணர்வார். கன்னம் தொங்கும், ஹெல்மெட் கனக்கும். முதல் சுற்றிலேயே இது தெரிந்துவிடுவதால் திடுக்கிட்டுக் காலை எடுக்காதீர்கள்.

பார்வை விஷயத்தில் ஒரு விசேஷம் உண்டு. சரிவுக்குள் நுழைந்ததும் போக வேண்டிய பாதை கண்ணாடியின் நடுவில் தெரியாது, இடது மேல் மூலைக்கு ஏறிவிடும். கூரைத் தூண் அதில் பாதியை மறைக்கும். நேர் எதிரே பார்த்தால் சுவர் மட்டும்தான் தெரியும், கை தன்னையறியாமல் கண் போகும் பக்கம் போகும். தலையை இடப்பக்கம் சாய்த்து, வளைவு முடியும் இடத்தைத் தேடுங்கள். 150 மைல் என்பது நொடிக்கு 67 மீட்டர். வண்டியின் மூக்குக்கு முன்னால் இருப்பதைப் பார்த்து எந்தப் பயனும் இல்லை.

பாதை இப்படி: நேர்ப்பாதையின் முடிவில் வெளிச்சுவரிலிருந்து ஒரு கார் அகலம் விட்டு வாருங்கள். பெரும்பாலான இடங்களில் கால் எடுக்க வேண்டிய இடத்தையும் மறுபடி மிதிக்க வேண்டிய இடத்தையும் கூம்பு வைத்தோ கோடு போட்டோ காட்டியிருப்பார்கள். முதல் குறியில் ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு விடுங்கள். ஸ்டீயரிங்கை ஒரே சீராகத் திருப்பி, வளைவின் நடுவில் தடத்தின் கீழ் விளிம்பில் இருக்கும் கோட்டுக்கு அருகே வாருங்கள். கோட்டைத் தாண்டாதீர்கள். அதற்குக் கீழே இருக்கும் ஏப்ரன் கிட்டத்தட்ட சமதளம்; சரிவும் சமதளமும் சேரும் மடிப்பில் இடச்சக்கரம் இறங்கினால் வண்டியின் பாரம் ஒரே நொடியில் புரளும். இரண்டாவது குறியில் மெல்ல மெல்ல மிதித்து, ஸ்டீயரிங்கைத் தளர்த்தி, வண்டி தானாகச் சுவர்ப் பக்கம் அகன்று வர விடுங்கள். சுவருக்குப் பயந்து கீழேயே பிடித்து வைத்தால் வலது முன்டயர் தேய்ந்து சூடாகும், வண்டி திரும்ப மறுக்கும், எஞ்சின் சுழற்சியும் குறையும்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது காலை எடுக்கும் விதம். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பாரம் முழுக்க முன்னால் சாயும், பின்டயர் லேசாகிப் பிடி விடும், வண்டி சுழலும். வேகம் அதிகம் என்று தோன்றினால் அடுத்த வளைவுக்கு முன்பே கொஞ்சம் சீக்கிரம் காலை எடுங்கள். உள்ளே நுழைந்த பிறகு பாதி அழுத்தத்தில் அப்படியே வைத்திருங்கள். முதல் இரண்டு சுற்றில் டயர் சூடேறியிருக்காது. அதுவரை அவசரம் வேண்டாம்.

மீறிச் சுழன்றால்?
— அதே வாசகி

பின்பக்கம் லேசாக வெளியே வந்தால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சமே கொஞ்சம் வலப்பக்கம் கொடுத்து, உடனே நேராக்க வேண்டும். அதிகமாகக் கொடுத்து வைத்திருந்தால் பின்டயர் மறுபடி பிடித்த கணத்தில் வண்டி வலப்பக்கச் சுவருக்குப் பாயும். புதியவர்களின் பெரிய மோதல்கள் இப்படித்தான் நேர்கின்றன. கை மீறிவிட்டது என்று தெரிந்தால் மீட்கப் பார்க்காதீர்கள். பிரேக், கிளட்ச் இரண்டையும் அடிவரை மிதித்து நிற்கும் வரை விடாதீர்கள். பெரும்பாலும் சரிவில் வழுக்கிக் கீழ்ப்பக்கம் வந்துவிடும். கட்டை விரல்களை எப்போதும் ஸ்டீயரிங் வளையத்துக்கு வெளியே வையுங்கள். சக்கரம் எதிலாவது இடித்தால் ஸ்டீயரிங் உதறும் வேகத்தில் விரல் முறியும்.

நின்ற பிறகு தீ இல்லை என்றால் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருங்கள். ஜன்னல் வலையை இறக்கினால் ‘நான் நலம்’ என்று அர்த்தம். வண்டிச் சேதத்துக்கு யார் எவ்வளவு பொறுப்பு என்பது நீங்கள் கையெழுத்திடும் தாளில் இருக்கும். அதை வரிசையில் நின்றபடி படிக்காமல் முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள்.

ஸ்பீடோமீட்டர் இல்லாமல் என் வேகம் எப்படித் தெரியும்?
— சான் ஹோஸே வாசகர்

ஓட்டும்போது டாக்கோமீட்டரைப் பாருங்கள். காதில் ஸ்பாட்டர் (தடத்தைப் பார்த்தபடி வழிகாட்டுபவர்) ரேடியோவில் சொல்லும் சுழற்சி எண்தான் உங்கள் வேகம். முடிந்த பிறகு சுற்று நேரத்தை வைத்துக் கணக்கிடலாம். 1.5 மைல் சார்லட்டில் 45 நொடி என்றால் சராசரி 120 மைல், 40 நொடி என்றால் 135. டேடோனாவில் 60 நொடிக்கு 150. நேர்ப்பாதை உச்சம் இந்தச் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க: 1987ல் டலடேகாவில் நாஸ்கார் ஓட்டுநர் பில் எலியட் தகுதிச் சுற்றில் ஓட்டியது மணிக்கு 212.809 மைல். அடுத்த ஆண்டு, 1988ல், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தி வேகத்தைக் குறைக்கும் தகட்டை டேடோனா, டலடேகா தடங்களில் கட்டாயமாக்கினார்கள்.

எட்டு நிமிடம் வாங்கினால் கிளம்பும் நேரம், முதல் மெதுவான சுற்று எல்லாம் போக எட்டு, ஒன்பது சுற்று கிடைக்கும். எனவே ஒரே சுற்றில் சாதிக்க நினைக்காமல், சுற்றுக்குச் சுற்று இரண்டாவது குறியில் மட்டும் கொஞ்சம் முன்னதாக மிதித்துப் பாருங்கள். நேரம் குறைவது அங்கேதான்.

என்ன உடுத்துவது? கண்ணாடி அணியலாமா? மழை வந்தால்?
— பல வாசகர்கள்

பருத்தி உடை, அதன்மேல் அவர்கள் தரும் தீக்காப்பு உடை. நைலான் வேண்டாம், சூட்டில் தோலோடு ஒட்டும். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ பெடலை உணரவிடாது. மெல்லிய தட்டை ஷூ போதும், ஆனால் தரை சூடாக இருக்கும் என்பதால் செருப்பு கூடாது. கண்ணாடியை ஹெல்மெட் மாட்டிய பிறகு செருகிக்கொள்ளலாம். காதுக்கு அடைப்பான் அவசியம். காலையிலிருந்தே தண்ணீர் குடித்து வாருங்கள். டயரில் வரிப்பள்ளம் கிடையாது, ஆகவே ஈரத் தடத்தில் ஓட விடமாட்டார்கள். மாற்றுத் தேதிக்கான விதியைப் பதிவின்போதே கேளுங்கள்.

நம்மவர் யாராவது இந்தப் பந்தயத்தில் ஓடியிருக்கிறார்களா?
— ஹூஸ்டன் வாசகர்

2005ல் ஃபார்முலா 1ல் ஓடிய நரேன் கார்த்திகேயன், 2010ல் நாஸ்காரின் டிரக் தொடரில் இறங்கினார். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில், 13வது இடம். அரை மைலுக்குச் சற்றே மேலான தடம் அது, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்தியே ஆக வேண்டும். ஓவல் பழக்கமே இல்லாதவருக்கு அது மிக நல்ல தொடக்கம்.

முடித்து உள்ளே வரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
— சார்லட் வாசகர்

முடிவைக் காட்டும் கட்டம் போட்ட கொடியோ ஸ்பாட்டரின் குரலோ வந்ததும், அந்தச் சுற்றை ஓட்டி முடித்து, அவர்கள் சொன்ன நேர்ப்பாதையில் காலை மெல்ல எடுங்கள். சாலைக் காரில் செய்வதுபோல மூன்று, இரண்டு என்று கியரைக் குறைத்து வேகத்தைக் குறைக்கவே கூடாது. அவசரத்தில் தவறான கியர் விழுந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்று வால்வு வளையும், பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். நான்கிலிருந்து நேராக நியூட்ரல். உருண்டு வரட்டும். கீழே ஏப்ரனுக்கு இறங்கிய பிறகு பிரேக்கைச் சிறிது சிறிதாக மிதியுங்கள். இவ்வளவு நேரம் வேகத்தில் இருந்த கண்ணுக்கு 60 மைல் நடையாகத் தெரியும். பிட் ரோட்டில் நீங்கள் நினைப்பதைவிட முன்னதாகவே மெதுவாக்கி, ஊழியர் கைகாட்டும் கோட்டில் நிறுத்துங்கள். இக்னிஷனை அணைத்து, வலை இறங்கி, ஸ்டீயரிங் கழன்ற பிறகே பெல்ட். ஹெல்மெட்டிலிருந்து ஹான்ஸ் வார்களையும் ரேடியோ ஒயரையும் கழற்றிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.