முன் ஹோலுக்குக் கடும் நீலமா, சந்தன நிறமா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டின் முன் ஹோல் 12 அடிக்கு 10 அடி, மேற்கே ஒரேயொரு யன்னல். கணவர் கடும் நீலம் என்கிறார், தனக்கு இளஞ்சந்தன நிறமே பிடிக்கிறது. சுவருக்குச் சீமெந்து பூசி இரண்டு வாரம்தான் ஆகிறது, ஆனால் திட்டத்தின் கடைசித் தவணைப் பணத்துக்காக டிசம்பருக்குள் பெயின்ற் அடிக்கச் சொல்கிறார்கள் அதிகாரிகள்.

சந்தன நிறத்தையே அடியுங்கள். வெளிர் நிறச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை அறைக்குள் திருப்பிவிடும். கடும் நீலம் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பாது என்பதால், காலையில் பிள்ளைகள் படிப்பதற்கே மின்விளக்குப் போட நேரும்.

கணவரின் விருப்பத்துக்கு ஒரு சுவரை விடலாம், ஆனால் எந்தச் சுவர் என்பதில் கவனம் வேண்டும். யன்னல் உள்ள சுவரில் நீலம் அடித்தால், இருண்ட சுவருக்கு நடுவே பின்னேர வெயில் கண்ணைக் கூசும். எதிர்ச் சுவரில் அடித்தால் உள்ளே வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் அதுவே விழுங்கிவிடும். ஆகவே பக்கச் சுவர் ஒன்றுதான் பொருந்தும், அதுவும் அதன் மறுபக்கம் குளியலறை இல்லாதிருந்தால் மட்டுமே, ஏனெனில் ஈரம் ஏறி உவர் பூத்தால் நீலத்தில் அந்த வெள்ளைத் திட்டுகள் வாசலிலிருந்தே தெரியும்.

பெயின்ற் அடிப்பவர் நான்கு ரின் கேட்டால் உடனே வாங்கிவிடாதீர்கள். சுவர் 10 அடி உயரமென்றால் கதவு, யன்னல் நீங்கலாக ஏறத்தாழ 400 சதுர அடி. ஒரு கோட்டுக்கு லீற்றருக்கு 100 சதுர அடி என்று பார்த்தாலும், இரண்டு கோட்டுக்கு, நான்கு லீற்றர் ரின் இரண்டு போதும். கடையில் தரகு வாங்கிக்கொண்டு ரின் கணக்கைக் கூட்டுபவர்களையும், பிறைமர் என்னும் அடிப்பூச்சை விட்டுவிட்டுப் பெயின்றில் தண்ணீரை அள்ளி ஊற்றுபவர்களையும் நான் நிறையவே கண்டிருக்கிறேன். ரின்னை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள்.

வன்னியில் மாரி மழை கொட்டும் மாதங்களில்தான் ஆண்டுக் கணக்கை முடிக்க இந்த அவசரம் வருகிறது. புதுப் பூச்சுக்கு நான்கு வாரமாவது வேண்டும், மழையில் அதுவும் போதாது. ஈரச் சுவரில் அடித்தால் சீமெந்தின் காரம் நிறத்தைத் தின்றுவிடும், பெயின்றும் செதிள் செதிளாக உரியும், மறுபடி அடிக்கும் செலவை எந்த அதிகாரியும் தரப்போவதில்லை. ஓர் அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு விளிம்பையும் ரேப்பால் ஒட்டி, மறுநாள் காலை உரித்துப் பாருங்கள். உட்பக்கம் நீர்த்துளி இருந்தால் பொறுத்திருங்கள், கேட்டு வருபவருக்கும் அந்தப் பொலித்தீனையே காட்டுங்கள்.