உறியில தொங்குற பேங்க்

கேள்வி: வணக்கம் சார். பையன் ஆர்கிடெக்சர் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். ஹாங்காங்ல இருக்கற ஹெச்எஸ்பிசி பேங்க் தலைமை ஆபீஸ்ல மாடியெல்லாம் மேல இருந்து தொங்குதுன்னு சொல்றான். நிஜமாவா, இல்ல என்னை ஏமாத்துறானா?
- வாசகி, கோவை

பதில்: பையன் சொல்றது நூத்துக்கு நூறு உண்மைம்மா. சாதாரணமா மாடி வீட்டுல பாரம் தூண் வழியா நேரா கீழ இறங்கிடும், இங்க பாரம் முதல்ல மேல ஏறி அப்புறம்தான் கீழ வருது. மொத்தம் எட்டு ராட்சச எஃகு மாஸ்ட், ஒவ்வொண்ணும் நாலு குழாய்த் தூணைச் சேர்த்துக் கட்டினது, அதுக்கு நடுவுல அஞ்சு இடத்துல ரெண்டு மாடி உயரத்துக்கு ட்ரஸ், அதாவது எஃகுக் கம்பிங்களைக் குறுக்கும் நெடுக்குமா இணைச்ச பெரிய சட்டம், போட்டிருக்காங்க, வெளியில இருந்து பாத்தா துணி மாட்டுற ஹேங்கர் மாதிரி தெரியுதே அதான். மாடிங்க எல்லாம் அதுல இருந்து கொத்துக் கொத்தா தொங்குது. பாட்டி வீட்டுல உறி கட்டி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா சட்டி அடுக்கி வெச்சிருப்பாங்களே, அதே சங்கதி.

இதை அழகுக்காக மட்டும் செஞ்சாங்கன்னு நினைக்காதீங்க. ஆர்கிடெக்ட் நார்மன் ஃபாஸ்டருக்கு 1979-ல வேலை கிடைச்சது, பத்து லட்சம் சதுர அடிக்கு மேல கட்டணும், டைமோ ரொம்பக் கம்மி, அதனால பேஸ்மென்ட் தோண்டுறதும் மேல ஏத்துறதும் ஒரே நேரத்துல நடந்தாகணும். அப்படி யோசிச்சப்பதான் இந்தத் தொங்குற முறை வந்தது. எஃகு பிரிட்டன்ல இருந்து, மேல போர்த்தின அலுமினியம் அமெரிக்காவுல இருந்து, பாத்ரூமும் ஏசி மெஷினும் ஜப்பான்ல முழுசா ஃபிட் பண்ணி பெட்டி பெட்டியா கப்பல்ல வந்து எறங்குச்சு, கிரேன் வெச்சுத் தூக்கி மாட்டினாங்க. 1985-ல 47 மாடி ரெடி, உயரம் கிட்டத்தட்ட 179 மீட்டர்.

கேள்வி: அவ்ளோ பெரிய ஆபீஸ்ல நடுவுல உக்காந்திருக்கறவங்களுக்கு பகல்லயே இருட்டா இருக்காதா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: நல்ல கேள்வி. லிஃப்ட், பாத்ரூம் எல்லாத்தையும் நடுவுல வைக்காம ஓரத்துக்குத் தள்ளிட்டாங்க, அதனால நடுவுல பத்து மாடி உயரத்துக்கு வெட்டவெளி, நம்ம முற்றம் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். தெற்குப் பக்கம் வெளியில வரிசையா கண்ணாடி, அது வெயிலைப் பிடிச்சு உள்ள அனுப்பும், அந்த வெட்டவெளி உச்சியில இருக்கற இன்னொரு கண்ணாடி அதைக் கீழ திருப்பி விடும். ஏசிக்கும் கடல் தண்ணிதான், துறைமுகத்துல இருந்து சுரங்கம் வழியா வருது.

கேள்வி: அங்கயும் வாஸ்து பாப்பாங்களா சார்?
- வாசகர், மதுரை

பதில்: நல்லாவே பாப்பாங்க, அங்க அதுக்குப் பேரு ஃபெங் சுயி. வாசல் எஸ்கலேட்டர் நேரா இல்லாம கோணலா நிக்கறது ஃபெங் சுயி ஆள் சொன்ன யோசனைப்படிதான்.

கேள்வி: உங்களுக்கு அதுல ரொம்பப் புடிச்சது எது?
- வாசகி, சேலம்

பதில்: அந்தத் தரைதாங்க. கட்டடமே தொங்கறதால கீழ கூட்டமா தூண் தேவையில்ல, ஹாங்காங்ல அவ்ளோ விலை போற இடத்துல தரைத் தளத்தை அப்படியே ஜனங்களுக்குத் திறந்து விட்டுட்டாங்க, கேட் கிடையாது, இந்தத் தெருவுல இருந்து அந்தத் தெருவுக்கு யார் வேணா நடந்து போலாம். அதுக்குப் பதிலா பேங்குக்கும் மேல கூடுதலா கட்டிக்க அனுமதி கிடைச்சது, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ரெண்டு பேருக்கும் லாபம். தலைக்கு மேல கூரையே கண்ணாடிதான், அண்ணாந்து பாத்தா பேங்க் உள்ள வேலை நடக்கறது தெரியும்.

ஞாயித்துக்கிழமை ஆனா பிலிப்பைன்ஸ்ல இருந்து வீட்டு வேலைக்கு வந்த பொண்ணுங்க கூட்டம் கூட்டமா அங்க வந்து அட்டைப் பெட்டியைப் பிரிச்சுப் போட்டு உக்காருவாங்க. முதலாளி வீட்டுலயேதான் தங்கணும்ங்கறது அங்க சட்டம், அதனால லீவு நாள்ல போக அவங்களுக்குன்னு ஒரு இடம் கிடையாது. கொண்டு வந்த சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டு, ஊருக்குப் பேசி, சிரிச்சு அரட்டை அடிச்சு, சாயங்காலம் அட்டையை எடுத்துட்டுக் கிளம்புவாங்க. மறுநாள் காலையில அதே தரையில கோட்டு சூட்டு போட்டவங்க எஸ்கலேட்டர் ஏறுவாங்க. பையன்கிட்ட சொல்லுங்கம்மா, ஹேங்கரை வரைஞ்சு பழகும்போது இந்தத் தரையையும் சேர்த்து வரையட்டும்.