மூலிகைப் பண்ணை வைத்தால் பராமரிப்பே தேவைப்படாது என்கிறார்களே, உண்மையா?

‘கால் ஏக்கருக்கும் குறைவான நிலம் கையில் இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பின் அதில் மூலிகைகள் பயிரிடலாம் என்று நினைக்கிறேன். அவை தாமாகவே வளரும், பராமரிப்பு தேவையில்லை என்கிறார்களே, உண்மையா? எவற்றை முதலில் நடலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சிறிய மூலிகைப் பண்ணை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறவன் என்ற முறையில், இந்தத் ‘தாமாகவே வளரும்’ என்ற பேச்சை உறவினர் முதல் வழிப்போக்கர் வரை பலரிடமும் கேட்டுச் சலித்திருக்கிறேன். ஆகவே பதில் சற்று நீளமாகவும் காரமாகவும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செடி வளர்ந்துவிடும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் பண்ணையிலிருந்து வெளியே போக வேண்டியது மணம் குறையாத இலை. அந்த மணம் செடியில் எப்போது நிறைகிறது, வெட்டிய பின் எவ்வழியாகத் தப்பிப் போகிறது என்பதை அறிந்து, அதற்கேற்ப நம் நாளை அமைத்துக்கொள்வதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது.

வளர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தைம், ஓரிகானோ, ரோஸ்மேரி, சேஜ், லாவெண்டர் ஆகியவை மத்தியதரைக்கடலைச் சுற்றியுள்ள வறண்ட நிலப்பகுதிகளுக்கு உரியவை. முழு வெயிலும் நீர் தேங்காத மண்ணும் அவற்றுக்குப் போதும். உரம் மிகுந்தால் கெடுதலே. தழைச்சத்தை அளவுக்கு மேல் கொடுத்த பாத்தியில் இலை பெரிதாகவும் பசுமையாகவும் வரும், கசக்கி முகர்ந்தால் மணம் மங்கியிருக்கும். காய்கறித் தோட்டத்தில் கைதேர்ந்தவர்களுக்கு இதை ஏற்க மனம் வருவதில்லை. பழக்கத்தினால் தொழுவுரத்தை அள்ளிப்போட்டு, நாள்தோறும் நீர் பாய்ச்சி, லாவெண்டரின் வேரை அழுகவிடுகிறார்கள். புதினாவுக்கும் பார்ஸ்லிக்கும் நேர்மாறாக ஈரமும் ஊட்டமும் வேண்டும். எனவே எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் அழகுக்காகக் கலந்து நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நீர் விரும்புகிறவற்றை ஒரு பக்கமும் வறட்சி தாங்குகிறவற்றை இன்னொரு பக்கமும் வையுங்கள். கொத்தமல்லியும் சதகுப்பையும் ஆணிவேர்ச் செடிகள் என்பதால், நாற்றுப் பிடுங்கி நடுவதை அவை விரும்புவதில்லை. நேரடியாக விதைப்பதே நல்லது. அதிலும் கொத்தமல்லி, வெப்பமும் நீண்ட பகலும் வந்தவுடன் பூவெடுத்துவிடும். மொத்தமாக ஒரே நாளில் விதைக்காமல், இடைவெளிவிட்டுச் சிறிது சிறிதாக விதைத்தால்தான் தொடர்ந்து இலை கிடைக்கும்.

புதினாவின் ஓடுதண்டு மண்ணுக்கு அடியில் பக்கத்துப் பாத்திக்குள் நுழைந்துவிடும் என்பதால், அதைத் தொட்டியிலோ, ஆழமான தடுப்புக்கு உள்ளேயோ வையுங்கள். இன்னொன்று: பெப்பர்மின்ட் என்பது நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்டும் கலந்து உண்டான மலட்டுக் கலப்பினம். அது விதையிலிருந்து வருவதில்லை. ஓடுதண்டையோ தண்டுத் துண்டையோ நட்டுத்தான் பெருக்க முடியும். ‘பெப்பர்மின்ட் விதை’ என்று அச்சிட்ட பொட்டலத்தைக் காட்டி, அதை விற்றவரிடம் இதைப் பற்றி நான் விளக்கம் கேட்டபோது, “முளைக்கிறதல்லவா, அது போதாதா?” என்று கேட்டார். முளைத்தது ஏதோ ஒரு புதினாதான், மறுப்பதற்கில்லை. பிரெஞ்சு டாரகன் என்ற சமையல் மூலிகைக்கும் இதே நிலைமை: அது பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை, டாரகன் விதை என்று கிடைப்பது சுவை குறைந்த ரஷ்ய வகையாகவே இருக்கும். நாற்று வாங்கும்போது இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இனி அறுவடை. மேலே சொன்ன புதினாவும், தைமும், ஓரிகானோவும், ரோஸ்மேரியும், சேஜும், லாவெண்டரும், பேசில் என்ற பெயரில் விற்கப்படும் திருநீற்றுப்பச்சிலையும் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மண எண்ணெய் பெரும்பாலும் இலையின் மேற்பரப்பிலுள்ள மிக நுண்ணிய சுரப்பிகளில் தேங்கி நிற்கிறது. விரல் பட்டதும் சுரப்பிகள் உடைந்து எண்ணெய் ஆவியாகிறது. நாம் மணம் என்று மகிழ்வது அதைத்தான். அப்படியானால், அறுப்பவர் கொத்தை இறுக்கிப் பிடிக்கும்போதும், கூடையில் அமுக்கித் திணிக்கும்போதும், வெயிலில் கிடத்தும்போதும் காற்றோடு போவது வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய பொருள் என்று ஆகிறது. எங்கள் பண்ணையில் அறுவடை நாளன்று காலை நடைக்குப் போவோர் ‘என்ன அருமையான வாசனை’ என்று வேலியோரம் நின்று பாராட்டினால் எனக்கு உள்ளூர எரிச்சல்தான் வரும். யாரோ முரட்டுத்தனமாகக் கையாள்கிறார்கள் என்று உடனே திரும்பிப் பார்ப்பேன்.

அறுப்பதற்குரிய வேளை பனி உலர்ந்த பின், வெயில் ஏறுவதற்கு முன். ஈர இலையை வெட்டினால் உலர்த்தும்போது கறுத்துவிடும். உச்சி வெயிலில் வெட்டினால் இலை துவண்டு மணமும் குறையும். இடையில் கிடைக்கும் அந்தச் சிறு பொழுதுக்குள் எவ்வளவு வெட்ட முடியுமோ அவ்வளவுதான் அன்றைய வேலை. ‘கால் ஏக்கர்தானே’ என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. இலைக்காக வளர்க்கும் பெரும்பாலான செடிகளில், மொட்டு தோன்றி, பூ விரியாத பருவத்தில் எண்ணெய் செறிந்திருக்கும். தூசி படிந்திருந்தால் முந்திய நாளே நீர் தெளித்துக் கழுவி விடுங்கள்; வெட்டிய பின் கழுவுவது உலர்த்தும் நேரத்தைக் கூட்டும். ஒரு தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். திருநீற்றுப்பச்சிலையை இலை இலையாகக் கிள்ளாமல், ஒரு கணுவுக்குச் சற்று மேலே தண்டோடு வெட்டினால், அந்தக் கணுவின் இருபுறமும் புதிய கிளைகள் வரும். லாவெண்டரிலும் ரோஸ்மேரியிலும் இலையே இல்லாத பழைய மரப்பகுதி வரை வெட்டிவிட்டால் அந்தக் கிளை மீண்டும் துளிர்ப்பது அரிது. உறைபனி விழும் இடமாக இருந்தால், முதல் உறைபனிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே பல்லாண்டுச் செடிகளில் பெரிய அறுவடையை நிறுத்திவிடுங்கள். இல்லையெனில் வெட்டுக்குப் பின் வரும் இளந்துளிர் குளிரில் கருகும்.

இந்த இடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். எங்களிடம் திருநீற்றுப்பச்சிலை வாங்கிவந்த ஓர் உணவகத்தின் தலைமைச் சமையல்காரர், நாங்கள் அனுப்பும் கொத்துகள் வந்த மறுநாளே கறுத்துவிடுகின்றன என்றும், பழைய இலையைக் கலந்து அனுப்புகிறோம் என்றும் தொலைபேசியில் கடுமையாகப் பேசினார். அன்று காலை அறுத்ததை அன்றே கொண்டு சேர்க்கிறவர்கள் நாங்கள். எதை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். “குளிர்பதனப் பெட்டியில்தான், வேறு எங்கே?” என்றார். திருநீற்றுப்பச்சிலை வெப்பநாட்டுச் செடி. ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் இலைத் திசு குளிர்க்காயம் பட்டுக் கறுக்கும். அவருடைய பெட்டியோ மற்ற உணவுகளின் பாதுகாப்புக்காக 4 பாகையில் இருந்தது. சொல்லிப் பார்த்தேன், கீரை கெடாத பெட்டியில் இது மட்டும் கெடுமா என்று சிரித்தார். அடுத்த முறை நானே சென்று, ஒரே செடிகளிலிருந்து வெட்டிய இரு கொத்துகளில் ஒன்றை அவர் பெட்டியில் வைத்துவிட்டு, மற்றொன்றின் தண்டுகளை ஒரு குவளைத் தண்ணீரில் நிற்கவைத்து, வெயில் படாத மேசை ஓரத்தில் விட்டு வந்தேன். ஓரிரு நாளில் பெட்டிக்குள் இருந்தது மை தடவியது போல ஆகிவிட்டது. குவளையில் நின்றது தளதளவென்று இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும், அதன்பின் கொள்முதலை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சமையல்காரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்குப் பொருளின் இயல்பைத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு விளைவிக்கிறவருடையது, அதுவும் உங்கள் ‘பராமரிப்பு’க் கணக்கில் சேரும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

உலர்த்துவதில்தான் பெரும்பாலான சிறு பண்ணைகள் தோற்றுப்போகின்றன. புதினா போன்ற இலைகளின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். ஒரு கிலோ உலர்ந்த இலை வேண்டுமானால் ஐந்து கிலோவுக்கு மேலும் பச்சை இலையை அறுக்க வேண்டியிருக்கும். அந்த நீர் விரைவாக வெளியேற வேண்டும், எண்ணெய் வெளியேறக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. வெப்பத்தை 35 முதல் 40 பாகைக்குள் வைத்து, இருட்டில், நல்ல காற்றோட்டத்தில், வலைத் தட்டுகளில் மெல்லிய படலமாகப் பரப்புவதே நான் பின்பற்றும் முறை. நேர் வெயிலில் காயவைத்தால் நிறமும் மணமும் வெளுத்துப்போகும். காற்றில்லாமல் மெதுவாகக் காய்ந்தால் இலை கறுக்கும், பூஞ்சையும் பிடிக்கும். கொத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது தைம், ரோஸ்மேரி போன்ற ஈரம் குறைந்தவற்றுக்குப் பொருந்தும். படத்துக்கு அழகாக இருக்கிறது என்பதற்காகப் புதினாவைத் தடித்த கட்டுகளாகத் தொங்கவிட்டால் கட்டின் நடுப்பகுதி புழுங்கிவிடும். தண்டை வளைத்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், இலை கையில் நொறுங்க வேண்டும். அப்போதுதான் அது காய்ந்தது. கண்ணாடிச் சாடியில் அடைத்த பிறகும் முதல் வாரம் முழுவதும் உட்புறத்தில் நீர்த்துளி அரும்புகிறதா என்று பாருங்கள்; அரும்பினால் உடனே வெளியே கொட்டி மீண்டும் உலர்த்த வேண்டும். பொடிக்காமல் முழு இலையாகவே வைத்து, பயன்படுத்தும் நேரத்தில் நொறுக்குங்கள். கொத்தமல்லித் தழையையும் பார்ஸ்லியையும் உலர்த்தி விற்பவர்கள் இருக்கிறார்கள். என் நாவுக்கு அதில் வைக்கோலின் சுவைக்கு மேல் ஒன்றும் தெரிந்ததில்லை. அவற்றைப் பச்சையாகவோ உறையவைத்தோ பயன்படுத்துவதே முறை.

அனுபவிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், ‘மனத்துக்கு இதம்’ என்பதற்காகத்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள் என்பதால் சொல்கிறேன். புதினா இலையில் வெந்நீர் ஊற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் மூடி வையுங்கள். மூடாமல் விட்டால் மணம் நீராவியோடு போய்விடும், கோப்பையில் பச்சைநிற வெந்நீர் மிஞ்சும். ஸ்பியர்மின்ட் இலையையும் சதகுப்பை விதையையும் அடுத்தடுத்து முகர்ந்து பாருங்கள். இரண்டின் மணத்துக்கும் முதன்மைக் காரணம் கார்வோன் என்ற ஒரே சேர்மம். ஒன்றில் இருப்பது மற்றதில் இருப்பதன் கண்ணாடிப் பிம்ப வடிவம். அந்த ஒரு வேறுபாட்டினாலேயே மூக்கு இரண்டையும் வெவ்வேறாக அறிகிறது. பண்ணைக்கு வரும் சிறுவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஆனால் பச்சை மூலிகையை எண்ணெயில் ஊறப்போட்டு அடுக்களை மேடையில் நாட்கணக்கில் வைத்திருக்கும் பழக்கம் வேண்டாம். காற்றில்லாத, புளிப்பில்லாத அந்தச் சூழலில் பொட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்குக் காரணமான நச்சை உண்டாக்கும் நுண்ணுயிரி வளர முடியும். குறைந்த அளவில் செய்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சில நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

மருந்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று சிலர் குறைப்படுவார்கள். பண்ணை வைத்திருக்கிறேன் என்று சொன்ன மறுகணமே, ‘சர்க்கரைக்கு எது, மூட்டு வலிக்கு எது, எத்தனை வேளை குடிக்க வேண்டும்’ என்று கேட்கிறவர்களால் நான் பட்டபாடு கொஞ்சமன்று. விளைவிக்கத் தெரிந்தவனுக்கு மருத்துவம் தெரியும் என்று யார் இவர்களுக்குச் சொன்னார்கள்? இயற்கையானது என்பதால் தீங்கில்லை என்று வாதிடுவோர், காம்ஃப்ரி இலையில் கல்லீரலைக் கெடுக்கும் காரப்போலிகள் (ஆல்கலாய்டுகள்) இருப்பதையும், பூக்காத பருவத்தில் அதைப் போலவே தோன்றும் ஃபாக்ஸ்குளோவ் இலை இதயத் துடிப்பையே குலைத்துவிடும் என்பதையும், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூச்செடி கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின் முதலிய மருந்துகளின் வேலையைக் குறைக்கும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மூலிகை மருத்துவத்தை நான் இழிவாகப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; அது பயின்றவர்களின் வேலை என்றுதான் சொல்கிறேன்.

லாவெண்டர் பூக்கும் காலத்தில் படம் எடுக்க வருவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலர்கொத்துக்காக வளர்க்கும் லாவெண்டரைக் கதிரில் முதல் சில பூக்கள் விரிந்த உடனே வெட்ட வேண்டும். வயல் முழுவதும் ஊதாவாகும் வரை காத்திருந்தால் காய்ந்தபின் பூக்கள் உதிர்ந்துபோகும். ‘பூக்கிற நேரத்தில் மொட்டையடித்துவிட்டீர்களே’ என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. இப்போது வேலியோரம் இரண்டு வரிசைகளை வெட்டாமல் விட்டுவிடுகிறேன். தேனீக்களுக்கு ஆகும், படம் எடுப்பவர்களும் உள்ளே இறங்கி மிதிக்காமல் இருப்பார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நிலத்தை உழுவதற்கு முன், உலர்த்துவதற்கு ஓர் அறை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். கதவையும் சன்னலையும் மூடி இருட்டாக்கக்கூடிய, காற்றாடி ஓடக்கூடிய அறையாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் தைம், ஓரிகானோ, தொட்டியில் புதினா ஆகிய மூன்றோடு முதல் ஆண்டைத் தொடங்குங்கள். மூன்றும் உலர்த்தினாலும் மணம் தக்கவைப்பவை, அறுத்தால் மீண்டும் தழைப்பவை. அறை இல்லையென்றால் உலர்த்தும் எண்ணத்தை விட்டுவிட்டு, திருநீற்றுப்பச்சிலையும் கொத்தமல்லியும் வளர்த்துப் பச்சையாகவே கொடுக்கலாம்; ஆனால் வாங்குகிறவர் நடந்துவரும் தொலைவில் இருக்க வேண்டும், அவருடைய குளிர்பதனப் பெட்டி எத்தனை பாகையில் இருக்கிறது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.